பொன்னுலிங்கம் கேட்டுக்கொண்டிருந்த மழை

தட்டாங்குளத்தில் குளம் கிடையாது. இருப்பது ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை, ஒரு மாவு மில், பதினெட்டு நாளுக்கு ஒரு தடவை சளி பிடித்தவன் மூச்சைப்போல் இழுத்து இழுத்து அரை மணி நேரம் தண்ணீர் விடுகிற தெருக்குழாய், குழாய் வராத நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறை வந்து நிற்கிற டேங்கர் லாரி. அந்த ஊரின் உப்புக்காரத் தெருவில்தான், மாசி பிறந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பொன்னுலிங்கம் வீட்டு முன்னறையில் விரித்து நிறுத்திய கூடாரத்துக்குள் மழை பெய்ய ஆரம்பித்தது.

பொன்னுலிங்கம் மைக்செட்காரர். இருபத்தாறு வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் கொடையோ, கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் வேப்பமரத்திலும் மாடி விளிம்பிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர் அவர்தான். பல்லாயிரம் பாட்டுப் போட்டிருக்கிறார், ஒரு பாட்டையும் உட்கார்ந்து கேட்டதில்லை. பாட்டு ஓடும்போது அவர் காது பாட்டில் இருக்காது. ஜெனரேட்டர் திணறுகிறதா, எந்த வயர் உறுமுகிறது, எந்த மைக் ஊளையிடப் போகிறது என்பதில் இருக்கும். தன் கல்யாணத்திலேயே தாலி கட்டி முடித்த கையோடு மணவறையிலிருந்து எழுந்து போய், ஊளையிட்ட மைக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் திரும்ப வந்து உட்கார்ந்தார். மாலையும் கழுத்துமாகத் தனியே உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தை அவர் மனைவி செண்பகவல்லி யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை. அதற்குப் பிறகு வந்த இருபத்து மூன்று வருஷமும் அந்த ஐந்து நிமிஷத்தின் நீளம்தான் என்று அவளுக்குச் சில நேரம் தோன்றும். பிள்ளை இல்லாத வீட்டில், ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் அங்கே இருக்கிற புருஷனுக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

தை மாதம் மதுரையில் காது டாக்டர் சொல்லிவிட்டார். இடது காது போய்விட்டது, வலது காதிலும் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, கருவி வைத்தாலும் பலன் இல்லை, சித்திரை தாண்டாது. சத்தம் இல்லாத இடத்தில் இருந்தால் நாலு நாள் கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான். ஊர் திரும்பும் வழியில் வயர் வாங்கப் போன கடையின் கண்ணாடியில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. தேனிக்கு மேலே ஆனைமுடுக்கு மலையில் ஏழு நாள் இசைத் திருவிழா. மலையிலேயே கூடாரம் போட்டுத் தங்கவேண்டும், காலையில் கண் விழித்ததிலிருந்து பாட்டு, வாத்தியம், பல ஊர்க்காரர்கள், பல நாட்டுக்காரர்கள். பொன்னுலிங்கம் அதை இரண்டு முறை படித்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஒரு வாரம் போயி உக்காந்து கேப்போம் செண்பகம். நான் எதையும் கட்ட வேண்டாம், தூக்க வேண்டாம். உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

செண்பகவல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அவளிடம் சொன்னதிலேயே பெரிய விஷயம் அதுதான்.

அன்றிலிருந்து அவள் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். விழாக்காரர்கள் அனுப்பிய தாளில் கொண்டுவர வேண்டிய சாமான்கள் இருபத்து மூன்று எழுதியிருந்தது. கூடாரம், உறைபோல் தைத்த படுக்கை, டார்ச், மழைக்கோட்டு, தட்டு, குவளை, நைலான் கயிறு, அட்டைப்பூச்சிக்கு உப்பு. அந்த இருபத்து மூன்றோடு அவள் தானாகச் சேர்த்தது ஒரு முப்பது இருக்கும். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், தட்டை, தைலம், துணி உலர்த்தக் கிளிப்பு, அவருக்கு இரண்டு பனியன் கூடுதலாக, அவளுக்குக் கட்டாமலே வைத்திருந்த கத்தரிப்பூ நிறச் சேலை. மலையில் சேலை கட்டிக்கொண்டு எப்படிக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைவது என்று யோசித்து ஒரு சுடிதாரும் தைக்கக் கொடுத்தாள். நாற்பத்தைந்து வயதில் முதல் சுடிதார். தாளில் பதினேழாவதாகக் காதடைப்பான் என்று போட்டிருந்ததைப் படித்துக் காட்டியபோது பொன்னுலிங்கம் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். காதை அடைத்துக்கொண்டு கேட்கவா அவ்வளவு தூரம் போகிறோம் என்றார். ஒவ்வொன்றாக மடித்து, பையில் வைத்து, எடுத்து, வேறு மாதிரி மடித்து, மறுபடி வைத்து, அவள் பதினைந்து நாளும் அந்த இரண்டு முதுகுப் பைகளோடே இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைத் தெரு பார்த்ததில்லை.

கூடாரத்தை வீட்டிலேயே ஒரு முறை விரித்துப் பழகிக்கொள்ளவும் என்று தாளின் அடியில் எழுதியிருந்தது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு முன்னறையில் நிறுத்தினார்கள். ஆரஞ்சு நிறம், அடித்துணியோடு சேர்த்துத் தைத்தது, சுவருக்குச் சுவர் அளவெடுத்த மாதிரி நின்றது. பொன்னுலிங்கம் ஜிப்பைத் திறந்து உள்ளே தவழ்ந்து போனார். இரண்டு நிமிஷம் கழித்துச் சொட்டச் சொட்ட நனைந்து வெளியே வந்தார். உள்ளே மழை பெய்கிறது என்று சொன்னார். செண்பகவல்லி துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். கூடாரத்து உச்சிக்கு ஒரு சாண் கீழேயிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது, ஐப்பசி மழை மாதிரி, காற்றில்லாமல், நேராக. வெளியே ஒரு சொட்டு இல்லை. அடித்துணியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவள் முதலில் படுக்கை உறைகளை எடுத்து உயரத்தில் வைத்தாள், பிறகு அடுப்படிக்குப் போய் அண்டாவைக் கொண்டுவந்தாள்.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், எட்டு மாத இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். உறைமோர் வாங்க வந்தவள் பார்த்தாள். சத்தம் போடவில்லை. தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள், உப்பில்லை என்றாள், மதினி நான் ரெண்டு குடம் எடுத்துக்கிடட்டுமா என்று கேட்டாள். எடுத்துக்கொள், எப்படியும் இறைத்துக் கொட்டத்தானே வேண்டும் என்று செண்பகவல்லி சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெருவில் இருக்கிற நாற்பத்தொரு வீடும் குடத்தோடு வந்துவிட்டது. இரண்டாம் நாள் சண்டை வந்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டில் இருக்கும் சீனிவாசகம், ஓய்வு பெற்ற ஏட்டு, ஒரு நோட்டும் விசிலுமாக வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு ஆறு குடம், பிள்ளைத்தாய்ச்சிக்கு எட்டு, காலையில் கிழக்கு வரிசை, மாலையில் மேற்கு வரிசை என்று முறை வைத்தார். ஒரு வாரத்துக்குள் அது அங்கே எப்போதும் இருந்தது போல் ஆகிவிட்டது. மழைக்குப் போகிறேன் என்று பெண்கள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகிறது என்றார்கள், டீக்கு மட்டும் லேசாகத் துணி வாடை அடிக்கிறது என்றார்கள். தலைக்கு ஊற்றினால் முடி கொட்டுவதில்லை என்று ஒருத்தி சொல்ல, கொட்டுகிறது என்று இன்னொருத்தி சொன்னாள். எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்றுதான் அந்த ஊரில் கேட்டுப் பழக்கம்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து அளந்தார். தெருவுக்குச் சொந்த ஆதாரம் உள்ளது என்று ஏதோ ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரத்திலிருந்து டேங்கர் உப்புக்காரத் தெருவுக்குள் திரும்புவதை விட்டுவிட்டு நேராகப் போனது. குழாயையும் அடைத்துவிட்டார்கள். மழைதான் இருக்கிறதே என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் பொன்னுலிங்கம் மருந்து வாங்க மதுரை போனார். அவர் ஏறிய பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் கூடாரத்துக்குள் மழை நின்றது. சீனிவாசகம் நோட்டில் மணி ஒன்பது நாற்பது என்று எழுதினார். கிழக்கு வரிசை அப்படியே தெருவில் நின்றது. மாலை நாலேகாலுக்குப் பொன்னுலிங்கம் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தபோது மழை தொடங்கியது. ஏட்டு லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் பொன்னுலிங்கத்தைத் தெருவில் மேலும் கீழும் நடக்கச் சொல்லிப் பார்த்தார். தெருவுக்குள் எங்கே நின்றாலும் மழை பெய்தது. மாவு மில்லைத் தாண்டி மில் சத்தத்துக்கு அந்தப் பக்கம் போனால் நின்றது. பிறகு வாசலிலேயே உட்காரவைத்து வலது காதுக்குள் விரலை விட்டுக்கொள்ளச் சொன்னார். குழாயைத் திருகியது போல் மழை நின்றது. விரலை எடுத்ததும் பெய்தது. மூன்று முறை செய்து பார்த்தார்கள். அவர் காதுக்குக் கேட்கிறவரைக்கும்தான் மழை என்று எல்லாருக்கும் புரிந்துபோயிற்று.

அன்றைக்கே தெரு தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. யாரும் கட்டளையிடவில்லை. பொன்னுலிங்கத்துக்கு மிச்சம் இருக்கிற காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வீடும் தானாக நினைத்தது. குக்கர் விசிலுக்கு மேல் ஈரத்துணியைப் போட்டார்கள். டீக்கடைக்காரர் ரேடியோவை விற்றுவிட்டார். பிள்ளைகளுக்கு அடி விழவில்லை, அழுதால் கேட்குமே என்று. வண்டிகளைத் தெருமுனையில் நிறுத்தி உருட்டிக்கொண்டு வந்தார்கள். மாவு மில்காரர் மில்லை வேறு தெருவுக்கு மாற்ற இடம் பார்த்தார். மாசிக் கொடைக்கு அந்த வருஷம் மேளம் கிடையாது, மைக்செட்டும் கிடையாது. அம்மன் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனாள். குடங்கள் மட்டும்தான் நிறைந்தன, அதுவும் மெதுவாக.

ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனைமுடுக்கு மலை வெள்ளிக்கிழமை. அது தெருவில் எல்லாருக்கும் தெரியும். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் செண்பகவல்லியால் தாங்க முடியவில்லை. மாறாக, அவளுக்கு மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். ஊட்டியில் வேலை பார்த்த ஒருத்தர் தன் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். குருவம்மாள் தீப்பெட்டி ஒரு கட்டு, மெழுகுவர்த்தி இரண்டு. யாரோ அதிரசம், யாரோ பாம்புக்கடி மருந்து, யாரோ காதை மூடும் குல்லா. சீனிவாசகம் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரிடம் பேசி ஒரு காக்கிக் கூடாரத்தை இரவல் வாங்கி, இந்தக் கூடாரம் இங்கேயே இருக்கட்டும் தாயி என்று கொடுத்தார். ஒவ்வொருவரும் கொண்டுவந்ததைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்து, பிறகு தங்கள் முறை வந்ததும் குடத்தோடு கூடாரத்துக்குள் குனிந்தார்கள். ஏழு நாள்தானே என்று சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொல்லும்போது அந்த ஏழு நாள் இன்னும் கொஞ்சம் நீண்டது.

போன கோடையில் குருவம்மாளின் மூத்த பிள்ளை, மூன்று வயதுப் பெண், தெருக்குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பேதியாகி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அதை யாரும் இப்போது எடுத்துப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பொன்னுலிங்கமும் செண்பகவல்லியும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினார்கள். அவள் அந்தச் சுடிதாரைப் போட்டிருந்தாள். கதவைப் பூட்டவில்லை. கிழக்கு வரிசை தெருவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. குடங்களை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்கள், சத்தம் வராமல். சிலர் சிரித்தார்கள். குருவம்மாள் ஒரு பிள்ளையை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு நின்றாள். போயிட்டு வாங்க அண்ணாச்சி, நல்லாப் பாட்டுக் கேட்டுட்டு வாங்க என்று அவர் வலது காதுப் பக்கமாக நகர்ந்து வந்து, மெதுவாகச் சொன்னாள். அதை உண்மையாகவே சொன்னாள்.

பொன்னுலிங்கம் தலையாட்டிவிட்டு நடந்தார். மாவு மில் வரைக்கும் வந்தார். அதற்குமேல் அவர் கால் எழவில்லை. பையை இறக்கித் தரையில் வைத்தார்.

செண்பகவல்லி நாலு எட்டு முன்னால் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். வாங்க என்றாள்.

"இன்னும் ஒரு எட்டு வச்சா நின்னுரும்" என்றார்.

"நிக்கட்டும்."

"செண்பகம், டேங்கரும் வராது."

"எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் இந்தத் தெருவுக்கு நீங்க பாட்டுப் போட்டீங்க. எனக்கு ஏழு நாளு குடுங்க. ஏழே நாளு. அப்பறம் உங்க காது போனாப் போகட்டும், நான் எழுதிக் காட்டிப் பேசிக்கிடுவேன். நான் கேட்டதே இல்லைல்ல?"

அவள் கேட்டதே இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் அவளைப் பார்த்தார், திரும்பித் தெருவைப் பார்த்தார். அங்கே யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மூச்சு விடுகிற சத்தம் அவர் காதுக்குக் கெடுதல் என்பது போல. பொன்னுலிங்கம் பையைத் தோளில் மாட்டாமல், கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவள் போனாள். பஸ் நிலையத்துக்குத் தனியாகப் போய், தேனி பஸ் நிற்கும் இடத்தில் பையின்மேல் உட்கார்ந்தாள். முதல் பஸ் வந்தது. கண்டக்டர் ஏறவில்லையா என்று கேட்டதற்கு, ஆள் வரணும் என்றாள். இரண்டாவது பஸ்ஸுக்கும் அதையே சொன்னாள். மூன்றாவது பஸ் வந்தபோது கண்டக்டர் கேட்கவில்லை. வெயில் ஏறி, நிழல் அவள் காலுக்கடியில் வந்த பிறகு எழுந்து வீட்டுக்கு வந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். பொன்னுலிங்கம் கூடாரத்தின் வாயருகே நாற்காலி போட்டு, வலது காதை உள்ளே திருப்பி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, சாப்பிட்டியா என்று கேட்டார்.

செண்பகவல்லி பையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை.

சோறு வைத்தாள், துணி துவைத்தாள், நனைந்து வருகிற பெண்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் மனதுக்குள் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணத்து ஐந்து நிமிஷத்தில் தொடங்கி மாவு மில் வரைக்கும் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, எடுத்து, வேறு மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வெளியே விட்டால் கோபம் குறைந்துவிடும் என்று பயந்தாள். கோபம் ஒன்றுதான் அவளுக்கென்று மிச்சம் இருந்தது. அங்கே மலையில் இன்று இரண்டாம் நாள், இன்று மூன்றாம் நாள் என்று எண்ணினாள். அவள் பேசாமல் இருப்பதைத் தெரு கவனித்தது. செண்பகம் எவ்வளவு பொறுப்பாக இருக்கிறாள், புருஷன் காதுக்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சீனிவாசகம் வரிசையில் பேசிய ஒருத்தியை அதட்டும்போது அவளை உதாரணம் காட்டினார்.

பொன்னுலிங்கம் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். முன்பு அவர் இவ்வளவு பேசுகிறவர் இல்லை. மழையில் என்னென்ன கேட்கிறது என்று அவளுக்குச் சொன்னார். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஒரு சத்தம், நிறைந்திருக்கும்போது ஒரு சத்தம், பித்தளையில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று. நேற்று கேட்ட மெல்லிசு இன்றைக்கு இல்லை, மேல் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, அடிச்சத்தம் மட்டும் நிற்கிறது என்றார். அவர் சொன்ன மாதிரியே மழையும் மெலிந்து வந்தது. ஒரு குடம் நிறைய நாலு நிமிஷம் ஆனது போய், ஏழு ஆனது, பத்து ஆனது. எல்லை சுருங்கியது. முதலில் மில் வரைக்கும் போக முடிந்தவர், பிறகு டீக்கடை வரைக்கும், பிறகு வாசல்படி வரைக்கும். கடைசியில் நாற்காலியை விட்டு அவர் எழுந்தாலே மழை தடுமாறியது. சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் சித்திரை என்று சொல்லியிருந்தார். பங்குனி பிறப்பதற்கு முன்பே அது முடிந்துகொண்டிருந்தது.

ஏழாம் நாள் மதியம், சோற்றுத் தட்டைக் கொடுக்கக் குனிந்தவளின் கையைப் பொன்னுலிங்கம் பிடித்துக்கொண்டார். தான் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நீ எனக்காகத்தான் பேசாம இருக்கேன்னு தெரியும் செண்பகம். என் காதைத் தேய விடக் கூடாதுன்னு. வேற யாருக்கு இப்பிடித் தோணும்?"

குருவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செண்பகவல்லிக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. இல்லை என்று ஒரு சொல், அவ்வளவுதான். உதடு பிரிந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த நன்றியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால் அவர் கையை விட்டுவிடுவார் என்று தோன்றியது. கோபத்தால் ஏழு நாள் பேசாதவள், அதற்குப் பிறகு வெட்கத்தால் இரண்டு நாள் பேசவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து குளித்தாள், தலையைத் துவட்டிக்கொண்டே முடிவு செய்துவிட்டாள். கோபம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். கிழக்கு வரிசை வாசலில் அமைதியாக நின்றது. அவர் நாற்காலியில் வலது காதை உள்ளே திருப்பி உட்கார்ந்திருந்தார், கண்கள் மூடியிருந்தன. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காப்பியை அவர் கையில் வைத்து, வலது காதுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோய், இத்தனை நாள் தொண்டையில் கிடந்து வறண்ட குரலில் சொன்னாள்.

"நான் பேசாம இருந்தது உங்க காதுக்காக இல்லைங்க. கோவத்துல இருந்தேன்."

பொன்னுலிங்கம் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார், ஆமா ஆமா என்று தலையாட்டினார், ஒரு வாய் காப்பி குடித்தார்.

அவள் கூடாரத்தைப் பார்த்தாள். துணியில் ஒரு அசைவு இல்லை. உள்ளே நின்றிருந்த தண்ணீரில் ஒரு வட்டம்கூட விழவில்லை. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவே அவ்வளவு அமைதியாக இருந்தது. அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, மறுபடியும் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள், பிறகு கத்தினாள். கோவத்துல இருந்தேங்க, உங்க மேல கோவம், இந்தத் தெரு மேல கோவம், இப்ப இல்லைங்க, கேளுங்க, இப்ப இல்லை. இரண்டு வாரமாகக் குக்கர் விசில்கூடக் கேட்காத தெருவில் அந்தக் குரல் மாவு மில் வரைக்கும் போனது. நாற்பத்தொரு வீட்டுக்கும் கேட்டது. குருவம்மாளின் இரண்டு பிள்ளைகளும் பயந்து அழ ஆரம்பித்தன, யாரும் அவற்றின் வாயைப் பொத்தவில்லை. கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடாரத்துக்குள் கையை நீட்டினார், உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டு வெகு நேரம் காத்திருந்தார். கை நனையவில்லை.

சீனிவாசகம் நோட்டில் மணியை எழுதப் பேனாவைத் திறந்தார், எழுதாமல் மூடினார். அடித்துணியில் கிடந்த தண்ணீர் ஆறு குடத்துக்கு வந்தது. அதை யார் எடுப்பது என்று ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. வரிசை கலைந்தது. போகும்போது ஒருவரும் செண்பகவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

டேங்கருக்காக நகராட்சிக்கு மனு கொடுத்தார்கள். ஆதாரம் வற்றியதற்கு ஆய்வு செய்ய ஆள் வருவார் என்று பதில் வந்தது. ஆள் வருவதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. தெருவில் குக்கர் விசிலும் பிள்ளைகள் அழுகையும் வண்டிச் சத்தமும் திரும்பி வந்தன, டீக்கடைக்காரர் புது ரேடியோ வாங்கினார், அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. பெண்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து கல் குவாரிக் குழியில் தண்ணீர் எடுக்கப் போனார்கள். செண்பகவல்லியும் போனாள். குருவம்மாள் அவளுக்கு முன்னால் நடந்தாள், ஒரு இடுப்பில் குடம், ஒரு இடுப்பில் பிள்ளை. இன்னொரு பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் பேதியும், ஆஸ்பத்திரியில் இருந்தது. பின்னால் வந்த செண்பகவல்லி அவள் இடுப்புப் பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள், குருவம்மாள் கொடுத்தாள். குவாரி இன்னும் கண்ணில் படவில்லை.